சிங்கராஜாவில் பெண் பார்த்த கதை

என் வீட்டுக்காரர் எஸ்டேட்டில் புல்லு வெட்டும் ஆட்களுக்குக் கங்காணி. ரப்பர் மலையில் எந்த மரத்தடியிலும் ஒரு சாண் புல்லை நிற்கவிடமாட்டார். அப்படிப்பட்டவருக்கு நான் பெண்டாட்டியாக வாய்த்தது அவர் தலையெழுத்து. எஸ்டேட் ஆட்களின் வரிசை வீடான லயத்தில் கடைசிக் காம்பரா, அந்த ஓர் அறை வீடு, எங்களுடையது என்பதால் பக்கவாட்டில் கொஞ்சம் நிலம் கூடுதலாகக் கிடைத்தது. அதில் நான் எதையும் வெட்டுவதில்லை. முளைப்பது முளைக்கட்டும், வருவது வரட்டும் என்று விட்டுவிடுவேன். அவர் அதற்கு வைத்த பெயர் சிங்கராஜா. இரத்தினபுரிக்கு அந்தப் பக்கம் கிடக்கிற அத்தனை பெரிய காட்டின் பெயரை என் துண்டு நிலத்துக்கு வைத்துவிட்டார். யாராவது என்னைத் தேடி வந்தால், "சிங்கராஜாவுக்குள்ள போயிருக்கா, திரும்பி வந்தா சொல்றேன்" என்பார்.

உண்மையைச் சொன்னால் இது கொள்கையில் தொடங்கவில்லை, சோம்பலில்தான் தொடங்கியது. விடிவதற்குள் ரப்பர் பால் வெட்டப் போய், மேடும் பள்ளமும் ஏறி இறங்கி, பாலைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வரும்போது மம்பட்டியைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும். அப்படியே ஒரு மழைக்காலம் விட்டுவிட்டேன். தும்பை வந்தது, நாயுருவி வந்தது, முடக்கொத்தான் வேலியில் ஏறியது. அவற்றைத் தேடி வண்ணத்துப்பூச்சி வந்தது. பூச்சியைத் தேடிக் குருவி வந்தது. குருவி எங்கேயோ தின்ற பழத்தின் கொட்டையை என் வேலியோரம் போட்டுவிட்டுப் போக, அங்கே முள்ளும் தானுமாக ஒரு கன்று எழுந்தது. என்னவோ முட்செடி என்று அதை மட்டும் பிடுங்கப் போனபோது, வேலிக்கு அந்தப் பக்கம் கிராமத்தில் இருக்கிற சிங்கள அக்கா ஓடி வந்தார்.

"அனே நங்கி, கபன்ன எபா! அது உகுரஸ்ஸ!"

தங்கச்சி, வெட்டாதே என்கிறார். பெரிதானால் கருஞ்சிவப்பாய்ப் பழம் பழுக்கும் என்றும் சொன்னார். சரி, ஒரு வேலை குறைந்தது என்று விட்டுவிட்டேன். சோம்பல் அதன் பிறகுதான் கொள்கையானது.

லயத்தில் இது சின்ன விஷயமில்லை. எங்கள் ஆட்களுக்கு வாசல் என்றால் செம்மண் தெரியக் கூட்டிப் பெருக்கி, ஒரு புல் இல்லாமல் இருக்க வேண்டும். காலையில் வாசலைப் பார்த்தே அந்த வீட்டுப் பொம்பளை எப்படிப்பட்டவள் என்று முடிவு செய்துவிடுவார்கள். அந்தக் கணக்கில் நான் என்றைக்கோ தோற்றுவிட்டேன். என் கறிவேப்பிலை மரத்தைப் புழுக்களுக்கு விட்டுவிட்டு, குழம்பு தாளிக்கப் பக்கத்து வீட்டில் போய் ஒரு கொத்துக் கறிவேப்பிலை கேட்பேன். அவர்கள் என் மரத்தையும் பார்ப்பார்கள், என் முகத்தையும் பார்ப்பார்கள். பிறகு கொடுப்பார்கள். ஒன்றும் சொல்லமாட்டார்கள். அதுதான் எனக்கு எரிச்சலாக இருக்கும்.

மழை பெய்கிற மதியங்களில் உட்கார்ந்து ஏதாவது செய்துகொண்டிருப்பேன். கை சும்மா இருந்தால் வாய் சும்மா இருக்காது என்று வீட்டில் எல்லோரும் இதை மட்டும் ஆதரித்தார்கள். பால் பிடிக்கிற சிரட்டைகள் வெடித்தால் தூக்கிப் போடுவார்கள். அவற்றைக் கொண்டுவந்து கயிறு கட்டித் தொங்கவிட்டு, குருவிகளுக்குத் தண்ணீர் வைப்பேன். டெங்கு பார்க்க வருகிற ஐயாவுக்குப் பயந்து தினமும் காலையில் கொட்டிப் புதுத் தண்ணீர் ஊற்றவும் செய்வேன். கிழிந்த சேலைகளைக் கீறிப் பின்னி மிதியடி செய்வேன். ரப்பர்க் கொட்டை வெடிக்கிற காலம் வந்துவிட்டால் எனக்குத் திருவிழாதான். படபடவென்று கூரையில் விழுகிற கொட்டைகளைப் பொறுக்கி, அடுப்புக்கு மேலே காயவைத்து, சைக்கிள் கம்பியைச் சூடாக்கி ஓட்டை போட்டுக் கோத்தால் மாலை, தோரணம், கதவுக்குத் திரை எல்லாம் வரும். பழுப்பில் புள்ளி போட்ட அந்தக் கொட்டையின் பளபளப்பை நகைக்கடையில்கூட நான் பார்த்ததில்லை. நகைக்கடைக்கு நான் அதிகம் போனதுமில்லை, அது வேறு விஷயம்.

இப்படி இருக்கும்போதுதான் என் மகளுக்கு எம்பிலிப்பிட்டியவிலிருந்து சம்பந்தம் வந்தது.

வந்தது என்று சொல்வது மரியாதைக்காக. அவள் இரத்தினபுரியில் கம்ப்யூட்டர் படிக்கப் போன இடத்தில் அந்தப் பையனும் படித்தான், அவ்வளவுதான். எம்பிலிப்பிட்டியக் கடைத்தெருவில் அவர்களுக்குச் சொந்தமாக ஹார்ட்வேர் கடை, மேலே வீடு. பையன் தங்கமானவன். போனில் என்னிடம் பேசும்போதே "அம்மா, சாப்பிட்டீங்களா" என்று கேட்பான். அவன் அம்மாதான் தடை. லயத்துச் சம்பந்தம் வேண்டவே வேண்டாம் என்று பல மாதமாக நின்றுகொண்டிருந்தார். மகன் விடாமல் கெஞ்சியதில், ஒருமுறை வந்து பார்க்கிறேன், பார்க்க மட்டும்தான் என்று இறங்கி வந்திருந்தார்.

என் மகள் கோபக்காரியில்லை. அந்தக் குணம் அவளுக்கு அப்பாவிடமிருந்து வந்தது. ஆனால் அன்று என் எதிரே உட்கார்ந்து சொன்னாள்.

"அம்மா, ஒரே ஒரு நாளைக்கு இதை வெட்டி விடும்மா. அவங்க அம்மா வேணாம்னு சொல்றதுக்குக் காரணம் தேடிக்கிட்டுத்தான் வர்றாங்க. நம்மளே எடுத்துக் குடுக்கணுமா?"

"வேலிக்குள்ள கொண்டைக்குருவி குஞ்சு பொரிச்சிருக்குடி. இப்ப வெட்டினா அது எங்க போகும்?"

"நான் எங்க போவேன்னு யோசிச்சியா? இது நடக்கலைன்னா நான் யாரையும் கட்டிக்க மாட்டேன். ஒன் காட்டுக்குள்ளயே குருவியோட குருவியா இருந்துக்கிறேன். எனக்கும் ஒரு செரட்டையில தண்ணி வச்சிரு."

சிரிக்க வேண்டிய பேச்சுதான். ஆனால் அவள் சிரிக்கவில்லை. இவள் சும்மா சொல்லவில்லை என்று தெரிந்தது.

என் வீட்டுக்காரருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "என் ஆளுங்க நாலு பேரைக் கூப்பிட்டா அரை நாள்ல பாய் விரிச்ச மாதிரி ஆக்கிருவேன்" என்று கத்தியைத் தீட்டவே தொடங்கிவிட்டார். நான் ஒரு சத்தம் போட்டேன். அவர் கத்தியை வைத்தார். மகள் அழுதாள். கடைசியில் நான்தான் வழி கண்டுபிடித்தேன். வெட்ட வேண்டாம், மறைத்துவிடலாம்.

வீட்டு மூலையிலிருந்து வேலிக்கால் வரைக்கும் ஒரு பெரிய திரை. நானும் மகளும் சேர்ந்து செய்தோம். சாக்கு நிறையச் சேர்த்து வைத்திருந்த ரப்பர்க் கொட்டை எல்லாவற்றையும் கோத்தோம். கொட்டைச் சரங்களுக்கு நடுவே என் பழைய சேலைகளின் கீற்றுகளைப் பின்னிவிட்டோம். ஊசியைப் பிடித்தபடி அவள் அந்தப் பையனைப் பற்றி என்னென்னவோ சொன்னாள். அவ்வளவு பேச்சு அவளிடம் இருந்தது எனக்கு அதுவரை தெரியாது. கட்டி முடித்ததும் தள்ளி நின்று பார்த்தோம். காற்றடித்தால் கலகலவென்று சத்தம். உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது. பின்னால் ஒரு காடு இருக்கிறது என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

வந்த அன்று வேனிலிருந்து மூன்று பேர் இறங்கினார்கள். பையன், அவன் அம்மா, அவனுடைய அத்தை. அத்தை என்பவர் அப்பாவின் தங்கச்சி. கடையில் அப்பா இருந்துவிட்டார். அம்மாவுக்கு அயர்ன் குலையாத சேலை, கழுத்தில் தடித்த சங்கிலி. முகத்தில் ஒரு அசைவும் இல்லை. அத்தை நேர்மாறு. வந்த வேகத்தில் கூரையைப் பார்த்தார், அடுப்படியைப் பார்த்தார், நாற்காலியில் உட்காரும் முன் அதைக் கையால் ஒருமுறை தடவிப் பார்த்தார்.

கேசரியும் வடையும் தேத்தண்ணியும் வைத்தோம். யாரும் தொடவில்லை.

"தப்பா நினைக்காதீங்க. பேச்சு முடியாம பொண்ணு வீட்டுல நாங்க கை நனைக்கிறதில்ல" என்றார் அத்தை.

அது பழைய வழக்கம். சம்மதம் சொல்லும் முன்னால் பெண் வீட்டில் மாப்பிள்ளை வீட்டார் எதையும் வாயில் வைக்கமாட்டார்கள். வைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். சாப்பிட்டுவிட்டு வேண்டாம் என்று போவது பெரிய பாவம். இப்போது யார் இதைப் பார்க்கிறார்கள்? வடையையும் தின்று, பார்சலும் வாங்கிப் போய், பிறகு போனில் வேண்டாம் என்கிற காலம். ஆனால் அத்தை விடுவதாக இல்லை. பையன் மட்டும் வடையைப் பார்த்துக்கொண்டே இருந்தான், பாவம்.

என் மகள் வந்து கும்பிட்டாள். பையனின் அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பொறந்ததுலருந்து இங்கயே தானா?"

"ஆமாங்க. இதே காம்பராதான்."

அவர் தலை குனிந்துகொண்டார். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். என் வீட்டுக்காரர் பேச்சை வளர்க்க ரப்பர் விலையைத் தொடங்கினார். அத்தை கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அது கிளம்புகிற அறிகுறி.

அப்போதுதான் திரை கலகலத்தது. காற்று இல்லை.

எங்கள் சிங்கராஜாவில் ஒரு கபரகொயா இருக்கிறது. உடும்பின் பெரியண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம், ஆள் நீளம். சமையல் கழிவு போடுகிற குழிக்குத் தினமும் வரும், தின்றுவிட்டு வாசலைக் கடந்து ஓடைக்குப் போகும். அதன் வழியில் நாங்கள் திரை கட்டியிருந்தது அதற்குத் தெரியாது. தலையை நுழைத்தது. சரங்கள் கழுத்தில் சிக்கின. அது நின்று யோசிக்கிற சாதி இல்லை, ஒரே இழுவை. வேலிக்கால் சாய்ந்தது, திரை மொத்தமும் அறுந்தது, என் கல்யாணச் சேலையின் சிவப்புக் கீற்றுகளையும் கொட்டைகளையும் முதுகில் போட்டுக்கொண்டு கபரகொயா நாங்கள் உட்கார்ந்திருந்த இஸ்தோப்புத் திண்ணைக்கு எதிரே ஊர்வலம் வந்தது.

"முதல! முதல!" என்று அத்தை நாற்காலி மேல் ஏறிவிட்டார். பையன் என் மகளுக்கு முன்னால் வந்து நின்றான். காப்பாற்ற வந்தானா ஒளிய வந்தானா என்று இன்றைக்கும் அவளிடம் கேட்டுக் கேலி செய்வேன். என் வீட்டுக்காரர் தடியைத் தேடி எடுத்தார்.

அம்மா மட்டும் உட்கார்ந்த இடத்திலிருந்து சொன்னார்.

"அடிக்காதீங்க. வழியை விட்டுட்டா அது பாட்டுக்குப் போயிரும்."

வழியை விட்டோம். அது பாட்டுக்குப் போனது. வால் வழியே திரை கழன்று விழுந்தது. நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். திரை இருந்த இடத்தில் இப்போது என் காடு முழுசாகத் தெரிந்தது. இடுப்பளவு தும்பை, வேலி மேல் முடக்கொத்தான், தொங்குகிற சிரட்டைகள், புழு தின்ற கறிவேப்பிலை. என் மகள் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அம்மா எழுந்தார். செருப்பைப் போட்டுக்கொண்டு நேராகத் தோட்டத்துக்குள் நடந்தார். சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். நான் பின்னாலேயே ஓடினேன். என்ன சொல்லப் போகிறாரோ, பதிலுக்கு நான் என்ன சொல்லித் தொலைப்பேனோ என்று எனக்கே பயம். "அக்கா, முள்ளு இருக்கும், பாத்து" என்றேன். அவர் காதில் விழவில்லை. வேலியோரம் போய் உகுரஸ்ஸ மரத்தடியில் நின்றார். அந்த வருஷம்தான் அது முதன்முதலாக நன்றாகப் பழுத்திருந்தது.

முள்ளில் படாமல் கையை விட்டு ஒரு பழத்தைப் பறித்தார். அந்தப் பழத்தை அப்படியே கடித்தால் துவர்த்துக்கொண்டு வரும். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, தோல் கிழியாமல், உள்ளே குழையும்வரை உருட்ட வேண்டும். அப்போதுதான் இனிக்கும். இது தெரியாமல் கடித்துவிட்டுத் துப்பிய ஆட்கள் நிறைய. அவர் துப்பவில்லை. அவர் மரத்தைப் பார்த்துக்கொண்டே நிற்க, கைகள் தாமாக உருட்டின. வாயில் போட்டார். கண்ணை மூடினார். இன்னொன்று பறித்தார். மூன்றாவதையும் உருட்டினார்.

நான் அவர் கையையே பார்த்தேன். கடைத்தெருவில் பிறந்து வளர்ந்த யாருக்கும் அந்த உருட்டு வராது.

"அண்ணீ!" அத்தை நாற்காலி மேல் நின்றபடியே அலறினார். "என்ன பண்றீங்க! கை நனைச்சிட்டீங்களே!"

அம்மா திரும்பினார். உதடும் உள்ளங்கையும் சிவந்து கிடந்தன. மறைக்க வழியே இல்லை. பள்ளிக்கூடத்தில் பிடிபட்ட பிள்ளை முழிப்பதுபோல ஒரு கணம் முழித்தார். பிறகு நிமிர்ந்தார்.

"ஆமா, நனைச்சிட்டேன். இப்ப என்ன?"

பையன் அதற்காகவே காத்திருந்தவன் மாதிரி ஒரு வடையை எடுத்து முழுசாக வாயில் போட்டான். என் வீட்டுக்காரருக்கு விஷயம் விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் தடியைக் கீழே போட்டுவிட்டு அத்தைக்குக் கை கொடுத்து நாற்காலியிலிருந்து இறக்கினார்.

கை கழுவ அவரைத் தண்ணீர்க் குழாய்ப் பீலிக்குக் கூட்டிப்போனேன். தண்ணீரைத் திறந்துவிட்டேன். கறை போகவில்லை. தேய்த்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், மெதுவாகச் சொன்னார்.

"எங்க லயத்துக்குப் பின்னாலயும் ஒண்ணு நின்னுச்சு. எஹலியகொட பக்கம். கல்யாணம் முடிஞ்சு போன அன்னைக்கே மாமியார் சொல்லிட்டாங்க, லயம் கியம்னு இந்த வீட்டுல பேச்சு வரக் கூடாதுன்னு. எங்க அப்பா அம்மாகூடக் கடை மூடின பிறகுதான் வந்து பாத்துட்டுப் போவாங்க. நானும் வாயத் தொறக்கல, மாமியார் போய்ச் சேர்ந்த பிறகும்கூட. என் மகனுக்கே தெரியாது."

எனக்குக் கோபம் பொங்கியது. "அப்படி இருந்தும் எம் பிள்ளைய லயத்துப் பிள்ளைன்னு வேணாம்னு சொன்னீங்களே அக்கா?"

"அதனாலதான் சொன்னேன். இவளையும் அப்படித்தானே வாய மூடச் சொல்லுவாங்க. இன்னொரு தடவை அதைப் பாக்க எனக்கு மனசு வரல."

கோபம் போன இடம் தெரியவில்லை. அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஆனால் எனக்குக் கட்டிக்கொள்ளத் தெரியாது, வாயைத் திறக்கத்தான் தெரியும்.

"யாரு சொல்லுவா? அந்த வீட்டுல இனி மாமியார் யாரு? நீங்கதானே?"

அவர் தேய்ப்பதை நிறுத்தினார். தண்ணீர் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷத்தில் இதை அவர் ஒருமுறைகூட நினைத்துப் பார்த்ததில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"ஆமா" என்றார். பிறகு இன்னொரு முறை, கொஞ்சம் சத்தமாக, "ஆமா, நான்தான்."

ஈரக் கையைத் துடைக்காமலே இஸ்தோப்புக்குப் போனார். நாத்தனாருக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். லயம் முழுக்கக் கேட்கிற மாதிரி என் மகளைக் கூப்பிட்டார்.

"மருமகளே, ஆறிப்போன தேத்தண்ணி வேணாம். புதுசா ஊத்திக் கொண்டாம்மா, சாயம் நல்லாக் கடுப்பா. சீனியக் கோப்பையில போட்டுராத. கையில குடு."

கடை வீடுகளில் சீனியைக் கரைத்துத்தான் குடிப்பார்கள். உள்ளங்கையில் சீனியை வைத்து, ஒரு நக்கு, ஒரு மிடறு என்று குடிப்பது எங்கள் லயத்துப் பழக்கம். பையன் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

என் மகள் கோப்பையையும் சீனிப் போத்தலையும் கொண்டுவந்தாள். அவர் சிவந்த உள்ளங்கையை நீட்டினார். பிள்ளை அவசரத்தில் போத்தலைச் சாய்க்க, சீனி பாதி தரையில் கொட்டியது. அவர் சிரித்துக்கொண்டே, "கொட்டட்டும், இன்னும் கொஞ்சம் போடு" என்றார். நான் கதவுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். எங்கே பிறந்தவள் என்று சொல்ல என் பிள்ளை அந்த வீட்டில் யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை.